கல்சியம் திறக்கும் கதவு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரடியனாற்றில் தகப்பனாரின் மாடுகளுக்குப் பின்னால் நடந்தவன். அப்படிப்பட்டவன் கையால் என்னென்ன எழும்பின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாவிக்கரையில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி அறையைக் கட்டியவன் நான். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த களஞ்சியம் அது. பக்கத்து இராணுவ முகாமில் வயர்லெஸ் பேசினால் எங்கள் மெசினில் அலையை வரையும் பேனைகள் துள்ளும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையை நான்கு சுவரிலும் கூரையிலும் அடித்து அந்த இரைச்சலை நிறுத்தினேன். வெளியில் ஆறடிக் குழி வெட்டி, செப்புத் தகடொன்றைக் கரியும் உப்பும் கலந்து புதைத்து, மெசினுக்கு எர்த் கொடுத்தேன். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் தலையில் கம்பி ஒட்டும் பசை வரவில்லை. கோதுமை மா, உப்பு, கிளிசரின் மூன்றையும் காய்ச்சி நானே பசை செய்தேன். அது ஒருவர் தலையிலும் புண் ஆக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பனி செய்தது?" என்று கேட்டார். "பூபாலபிள்ளை கம்பனி" என்றேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

அறைக்குள் ஒரு படமும் வரைந்திருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்லத்தான் வேண்டும்.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது தொழிலாளியாக. வாட்டு கழுவினேன், ஆட்களைத் தள்ளுவண்டியில் தள்ளினேன், பிணவறைச் சாவியும் சில காலம் என் இடுப்பில் கிடந்தது. ஈ.ஈ.ஜி மெசின் பெட்டியில் வந்து, பெட்டியிலேயே ஒரு வருடம் தூங்கியது. அதை ஓட்டப் பழகியவர் வெளிநாடு போய்விட்டார். பெரிய டொக்டர் ஒருநாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இதை ஆரும் திறந்து பாக்க விருப்பமோ?" என்று கேட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நான் கையை உயர்த்தினேன். மூன்று மாதம் கொழும்பில் ஒருவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள். ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. ஈ.ஈ.ஜி அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், நடக்கும் அதிர்வு பேனைக்குப் போகக் கூடாது என்று. கடதாசியை மேசையில் விரித்துவிட்டு, தான் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்க்கச் சொல்வார். "என்ன தெரியுது, பூபாலபிள்ளை?" நான் சொல்வேன். நான் சொன்னது பிழையென்றால் பிழை என்று சொல்லமாட்டார். "திரும்பப் பாப்பம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் ராசாவாக வேலை பழகினேன்.

மூளையைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஒரு நரம்பின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. பைக்குள் இரசாயனம். மின்சாரம் ஓடி வந்து நுனியைத் தொட்டதும் சுவரில் உள்ள கதவுகள் திறக்கும். வெளியில் நிற்கும் கல்சியம் அந்தக் கதவால் உள்ளே பாயும். கல்சியம் உள்ளே வந்தால்தான் பைகள் ஓரத்துக்கு வந்து வாய் திறந்து இரசாயனத்தை வெளியே கொட்டும். கொட்டியது இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பைத் தொடும். ஒருவகை இரசாயனம் அடுத்ததை எழுப்பும், இன்னொருவகை அதை அடக்கும். மூளையின் மேல்மடிப்பில் கோடிக்கணக்கில் இது நடந்துகொண்டிருக்கிறது. நாம் கடதாசியில் பிடிக்கும் அலை, அந்தக் கொட்டலின் சத்தம்.

இதைக் கேட்டுவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை என்று கதை விடமாட்டேன். நன்றாகத் தூங்கினேன். ஆனால் அடுத்த வாரம் ஆறடிப் பலகையில் எனாமல் பெயின்ற் எடுத்துப் படமாக வரைந்தேன். நரம்பின் நுனி நீலம், பைகள் மஞ்சள், கதவுக்கு வெளியே வரிசையாகக் கல்சியம், வெள்ளைப் புள்ளிகள். டொக்டர்மார் படிப்பதை ஒரு மாட்டுக்காரன் சுவரில் தொங்கவிட்டிருக்கிறான் என்று பயிலுநர்கள் வந்து பார்ப்பார்கள். நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு நான் அதைக் காட்டி விளக்குவேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தேன். அவர்கள் என்னை டொக்டர் ஐயா என்பார்கள். நான் மறுத்ததில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, எர்த் குழிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றவென்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாசலில் முதல் லொறி வந்து நின்றது. லொறிக்குள் இருந்தவர்கள் ஏன் இறங்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நான் திரும்பவும் தொழிலாளி ஆனேன். தூக்கினேன், இறக்கினேன், வரிசையாகக் கிடத்தினேன். இடம் போதாமல் ஆக, என் அறையைத் திறக்கச் சொன்னார்கள். ஈ.ஈ.ஜி கட்டிலில் மூன்று பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மூன்று பேரின் தலைமயிரிலும் கடல்மண். நான் வருடக்கணக்காக அந்தக் கட்டிலில் தலைகளைத் தொட்டவன். அந்த மூன்று தலையையும் தொடக் கை போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் முகாம்களிலிருந்து பெண்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். திடீரென்று விழுகிறார்கள், கை காலை உதறுகிறார்கள், கண் சொருகுகிறது. நான் கம்பி பொருத்திப் பதிவு எடுப்பேன். ஆள் கட்டிலில் துள்ளும்போதும் பேனைகள் ஒழுங்காக ஓடும். முதன்முதல் இதைப் பார்த்தபோது பெரிய டொக்டரிடம், "இவ நடிக்கிறா, டொக்டர்" என்றேன்.

"நடிப்பு இல்லை" என்றார் அவர். "மூளையில வலிப்பு இல்லை, அவ்வளவுதான் கடதாசி சொல்லுது. இவவின்ரை புருசனும் பிள்ளையும் போன கதையை அது சொல்லாது."

மறுநாள் அவர் கரையோர முகாம்களுக்குப் போய்விட்டார். வாட்டில் இருந்தவர்கள் பயிலுநர் டொக்டர்மார், எல்லோரும் பிள்ளைகள். நின்றபடியே தூங்கினார்கள். ஈ.ஈ.ஜியைப் பொறுத்தவரை நான் எழுதிக் கொடுத்ததுதான் வேதவாக்கு. இந்த மெசினை ஓட்ட என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் ஆரையம்பதிக் கரைப்பக்கத்து நாகம்மை தன் மகள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுகந்திக்கு இருபத்துநான்கு வயது. வீட்டில் மெசின் வைத்துச் சட்டை தைப்பவள். வீடும் மெசினும் தகப்பனும் அலையோடு போயின. தாயும் மகளும் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். அங்கே நான்கு தரம் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள்.

தலையை அளந்து, மயிரை விலக்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். பதிவின் நடுவில் மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்வது முறை. ஒரு நிமிடத்துக்குள், "ஐயா, வாயைச் சுத்திக் கூசுது. விரலெல்லாம் எறும்பு ஊருது" என்றாள். எல்லோருக்கும் கொஞ்சம் அப்படி வரும். "அது ஒண்டுமில்ல புள்ள, மூச்ச நிப்பாட்டாத, இழுத்து விடு" என்றேன். அப்போது பேனைகள் எழும்பின. பெரிய, மெதுவான அலைகள். நடுநடுவே ஊசி ஊசியாகக் கூர்கள். எத்தனையோ பயந்த பெண்களுக்குப் பிறகு, உண்மையான வலிப்பு. ஒளிக்கமாட்டேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை கூட்டத்துக்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று.

மகளை வெளியே இருத்திவிட்டு நாகம்மை உள்ளே வந்தார்.

"டொக்டர் ஐயா, என்ட புள்ளைக்கு என்ன?"

"மூளையில வலிப்புக் கிடக்கு. பயப்படாதீங்க, கண்டுபிடிச்சாச்சு. மருந்துக் குளிசை தருவாங்க."

அவர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "முகாமுக்கு வந்த வெள்ளைக்கார டொக்டர்மார் இதத் தந்தவங்க. ரெண்டு நாளாக் குடுக்கிறன். குடுக்கிறதா, விடுறதா?"

பொட்டலத்தில் இங்கிலீசில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீசு அதிகம் வராது. ஆனால் அந்தச் சொல்லைப் படத்தில் நான் என் கையால் பெயின்ற் அடித்து எழுதியிருக்கிறேன். கல்சியம்.

"இதக் குடுத்த பிறகும் வலி வந்ததா?"

"ஓம் ஐயா. நேத்தும் வந்த. இவளுக்குக் கழுத்தில முந்தி ஒரு ஒப்பரேசன் செஞ்ச, கழலைக்கு. அதுக்கு ஒரு வெள்ளக் குளிசை ஒவ்வொரு நாளும் போட்டவ. அதுவும் கொப்பியும் கடலோட போயிற்று. மறுகா, அதுக்குப் பிறகு..."

"கழுத்து வேற, மூளை வேற" என்றேன்.

அவரைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவைக் காட்டினேன். வெள்ளைப் புள்ளி உள்ளே போனால் பை திறந்து கொட்டும், அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் வலிப்பு, அதனால் கல்சியம் கொடுக்கக் கொடுக்க வலிப்புக் கூடும் என்று விளக்கினேன். எனக்கே அழகாக இருந்தது, அவ்வளவு பொருத்தமாக வந்தது.

நாகம்மை படத்தைத் தொட்டுப் பார்த்தார். "இந்த வெள்ளப் புள்ளியள்தானா இந்தக் குளிசை?"

"ஓம்."

"அப்ப நானா என்ட கையால புள்ளைக்கு நஞ்சு குடுத்த?"

"தெரியாமத்தானே குடுத்தீங்க. இனி நிப்பாட்டுங்க."

பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். என் பதிவைப் பார்த்துப் பயிலுநர் டொக்டர் வலிப்புக் குளிசை எழுதிக் கொடுத்தார். கழுத்து ஒப்பரேசன் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாகம்மை சொல்ல வேண்டிய டொக்டரிடம் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தார். அந்த டொக்டர் நான்.

நான்காம் நாள் சுகந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகாமின் பொது அடுப்பில் சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது வலிப்பு வந்திருக்கிறது. வலது கை நெருப்புக்குள் விழுந்து, ஆட்கள் ஓடிவந்து இழுக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே நான் பார்க்கவில்லை. துணி போட்டிருந்தார்கள். மணம் மட்டும் வந்தது.

அன்று பெரிய டொக்டர் திரும்பி வந்திருந்தார். திரும்பவும் ஈ.ஈ.ஜி எடுக்கச் சொன்னார். வாட்டில் தாதி மிஸ்ஸிமார் போதாது. அதனால் பிரசர் பார்ப்பதும் என் தலையில். இடது கையில் பட்டியைச் சுற்றிக் காற்று அடித்தேன். அந்த நேரம் ஐந்தாம் பேனையில் மை அடைத்தது. பட்டியில் காற்று இறுகியிருக்க, அதை மறந்து பேனையைக் கழற்றி ஊசியால் குத்தினேன். இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். நாகம்மைதான் கூப்பிட்டார்.

"ஐயா, இவட கையப் பாருங்க."

பார்த்தேன். இடது கை, நெருப்புப் படாத கை. விரல்கள் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெருவிரல் உள்ளங்கைக்குள் போயிருந்தது. மணிக்கட்டு கீழ்நோக்கி வளைந்து இறுகியிருந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்ட விரலைக் குவிப்போமே, அப்படி. ஆனால் சுகந்தி குவிக்கவில்லை. "நான் செய்யல்ல ஐயா, அது தானா இழுக்குது. விரிக்க ஏலாமக் கிடக்கு" என்றாள். நான் விரித்துப் பார்த்தேன். மரம்போல இருந்தது. இருபது வருடத்தில் நான் அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. நான் ஒன்றும் தொடாமல், பட்டியின் காற்றையும் விடாமல், பெரிய டொக்டரைக் கூப்பிட ஓடினேன். காற்றை விட்டிருந்தால் கை விரிந்திருக்கும், ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லும் கதை அதுதான்: பூபாலபிள்ளை பட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான், அதனால்தான் நோய் பிடிபட்டது என்று. அது உண்மை.

பெரிய டொக்டர் வெறுங்காலோடு உள்ளே வந்தார். கையைப் பார்த்தார். காற்றை விட்டார், விரல்கள் மெல்ல விரிந்தன. சுகந்தியின் காதுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு விரலால் தட்டினார். தட்டியதும் வாயோரம் வெட்டி இழுத்தது. இன்னொரு தரம் தட்டினார். திரும்பவும் இழுத்தது. பிறகு அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியை விலக்கினார். அடியில், மாலை போட்டதுபோல ஒரு கோடு.

"கழலை ஒப்பரேசனோ?"

"ஓம் ஐயா" என்றார் நாகம்மை.

"அதோடை கல்சியத்தைக் காக்கிற சுரப்பியும் போயிருக்கும். கல்சியம் இல்லாமல்தான் இந்த வலிப்பு. அலைக்குப் பிறகு குளிசை ஒண்டும் போடேல்லையோ? முகாமிலை ஆரும் தந்தவையோ?"

நாகம்மை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம், ஒரு மூச்சு விடும் நேரம்.

"தந்தவங்க ஐயா" என்றார். "நான்தான் நிப்பாட்டின."

"ஏனம்மா?"

"எனக்குத் தெரியா. படிப்பில்லாத ஆள்."

பெரிய டொக்டர் கல்சியம் ஊசி எடுத்துவரச் சொல்லி, நாடியில் விரலை வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏற்றினார். "கெதியா ஏத்தினால் நெஞ்சு நிக்கும்" என்று எனக்குச் சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுகந்தி, "வாய்க் கூச்சம் போயிற்று" என்றாள். இரண்டு நாளில் கடதாசியில் அலைகள் தாழ்ந்தன. பெரிய டொக்டர் நோயாளிக் குறிப்பிலும் அவளின் கிளினிக் கொப்பியிலும் இங்கிலீசில் எழுதினார். தாய் குளிசையை நிறுத்தினார் என்று எழுதினார். எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

மருந்தால் உயிர் நின்றது. வலது கையின் மூன்று விரல்கள் சுருண்டு ஒட்டிக்கொண்டன. அந்தக் கையால் இனி ஊசிக்கு நூல் கோர்க்க முடியாது.

ஒரு கிழமை கழித்து நான் பெரிய டொக்டரிடம் கேட்டேன். கல்சியம் உள்ளே போனால்தானே பை கொட்டும், அப்படியென்றால் கல்சியம் குறைந்தால் மூளை அடங்கத்தானே வேண்டும், ஏன் வலிப்பு வந்தது? அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"படம் பிழையில்லை. பாதிதான் இருக்கு" என்றார். "கல்சியத்துக்கு ரெண்டு வேலை. உள்ளுக்குப் போனால் பையைத் திறக்கும். வெளியிலை நிக்கேக்கை நரம்பின்ரை சுவரை அமத்தி வைச்சிருக்கும். வெளியிலை குறைஞ்சால் சுவர் பதறும். தொட்டாலே சோடியம் வாற வேறை கதவுகள் திறக்கும், நரம்பு தன்ரை பாட்டுக்கு வெடிக்கும். கொட்டுறது கொஞ்சம் குறைஞ்சாலும், வெடிக்கிறது அதைவிடக் கூட."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "திரும்பப் பாப்பம்" என்றார். நாகம்மை சொன்னதை அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பிறகு வெளிநாடு போய், அங்கேயே காலமாகிவிட்டார். அந்தப் பலகையை நான் இறக்கி, முழுதும் வெள்ளை அடித்து, இரண்டு வேலையையும் சேர்த்துத் திரும்ப வரைந்தேன். புதிய படம் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி. வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமை. நகரத்தில் எங்கோ வெடி கொளுத்தினார்கள். ஆஸ்பத்திரி நடையோடையில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வன்னியில் சொந்தங்கள் இருந்தவர்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றார்கள். அன்றும் கிளினிக் நடந்தது. வலிப்பும் கல்சியமும் சண்டை முடிய நிற்பதில்லை.

என் அறைக்குப் பக்கத்து அறையில் தாதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. புதிதாக வந்த டொக்டர் ஒருவர் படிப்பித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. "சுனாமி நேரம் இங்கை ஒரு கேஸ்" என்று தொடங்கினார். பட்டியில் கை இழுத்ததைச் சொன்னார், கன்னத்தில் தட்டியதைச் சொன்னார். "படிக்காத தாய், கல்சியத்தை நிப்பாட்டிப்போட்டா. பிள்ளையின்ரை கை போச்சு. தாய்மாருக்கு விளங்கப்படுத்தாட்டில் இதுதான் நடக்கும், எழுதிக்கொள்ளுங்கோ" என்றார். பிள்ளைகள் எழுதினார்கள்.

நான் நடையோடைக்கு வந்தேன். கதவுக்கு நேரே இருந்த மர வாங்கில் நாகம்மை உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கிறது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலரை வருடத்தில் முதல் தரம் கேட்டேன்.

"ஏன்கா அண்டைக்கு என்ட பேரச் சொல்லல்ல?"

அவர் சேலைத் தலைப்பை மடியில் மடித்தார். "சொன்னா உங்கட வேல போயிரும்."

"போனாப் போகட்டுமே. உங்களுக்கு அதால என்ன?"

"உங்கட வேல போனா அந்த மெசின ஆரு ஓட்டுற? வேற ஆளில்ல எண்டு நீங்கதானே எல்லாரிட்டயும் சொன்னீங்க. என்ட புள்ளைக்கு மறுகாலும் வந்தா நான் எங்க கொண்டு போற? எனக்கு உங்களில இரக்கமொண்டும் இல்ல. மெசின் ஓடவேணும், அதுதான்."

என் பெருமைப் பேச்சை அந்த ஒரு மனுசிதான் நம்பியிருக்கிறார். நம்பித்தான் பழியை எடுத்திருக்கிறார்.

அப்போது சுகந்தி குளிசைப் பையோடு வெளியே வந்தாள். நாகம்மை எழுந்து, அதை வாங்கக் கையை நீட்டினார். சுகந்தி பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"அம்மா தொடவேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் சொல்வதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "சோறெல்லாம் அம்மாட கையாலதான் ஐயா. குளிசை மட்டும் நான் பூட்டி வச்சிருக்கன்" என்று சிரித்தாள். வலிப்பு வந்த நாட்களின் ஞாபகம் அவளுக்கு இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்ததை யாரோ வாசித்துச் சொல்ல, அதையே நம்பியிருக்கிறாள். நாகம்மை கையை மடக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேவையில் இன்னும் வருடங்கள் இருந்தன. என் பெயர் எல்லா வாட்டிலும் இருந்தது. பயந்தேன். இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் புதிய நரம்பியல் பிரிவு திறக்கப் போகிறார்கள். பேனையும் மையும் இல்லை, எல்லாம் கம்பியூட்டர். திறப்பு விழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி பிரிவில் வேலை செய்யும் தம்பிமார் கேட்டார்கள். மலரில் வரப்போகும் பிரிவின் வரலாற்றையும் பார்க்கத் தந்தார்கள். அதில் சுனாமி காலத்துக் கேஸ் இரண்டு வரியில் இருக்கிறது. தாயின் அறியாமையால் மருந்து நிறுத்தப்பட்டது என்பது ஒரு வரி. ஊழியர் ஒருவரின் கூர்மையால் நோய் கண்டறியப்பட்டது என்பது மற்ற வரி. ஊழியர் ஒருவராம். என் பெயரைப் போடவில்லையே என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே, மேல் வரியைத் திரும்ப வாசித்தேன். அதிலும் என் பெயர் இல்லை.

போன கிழமை ஆரையம்பதிக்குப் போனேன். நாகம்மைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். தேத்தண்ணீர் வருவதற்கு முன் சொல்லிவிட்டேன், வந்தால் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பி விடுவேன் என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன், கழுத்து வேறு மூளை வேறு என்றதைச் சொன்னேன். சுகந்தி தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். நாகம்மைதான் முதலில் பேசினார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த? அவள் தேத்தண்ணிய ஆற விட்டுட்டாள்."

சுகந்தி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. உள்ளே போய், இடது கையால் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து குளிசைப் பையைத் தாயின் மடியில் வைத்தாள். நாகம்மை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வாயால மட்டும் சொன்னது காணாது ஐயா. என்ட கொப்பியில எழுத்தாக் கிடக்கு. அந்த வகுப்பில படிச்ச மிஸ்ஸிமார் எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க. எழுத்தாலதான் அழிக்கவேணும். எங்கட பேரையும் போடுங்க, பறவாயில்ல."

அதனால்தான் இதை எழுதினேன். மலர்க் குழுத் தம்பிமாருக்குச் சொல்கிறேன்: என் பங்கு எனக்கு வரவேண்டும், ஒரு சொட்டும் குறையக் கூடாது. இரண்டாவது வரியில் ஊழியர் ஒருவர் என்பதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். முதல் வரியில் தாயின் அறியாமை என்பதை எடுத்துவிட்டு அங்கேயும் என் பெயரைப் போடுங்கள். சின்னத்தம்பி பூபாலபிள்ளை, ஈ.ஈ.ஜி பதிவாளர், எட்டாம் வகுப்பு. மலரில் இடம் போதாது என்றால், நான் கட்டியவற்றை எல்லாம் வெட்டிவிடுங்கள், கேட்கமாட்டேன். அந்த முதல் வரியில் மட்டும் கை வைக்கக் கூடாது.